ஏழு நாள் முறை

வீராணத்துக் கீழ்க்கரையில் உள்ள ஆயிமேட்டு மதகுக்கு அந்த வருஷம் ஏழு நாள்தான் முறை கிடைத்தது. மேட்டூரை முன்கூட்டியே மூடிவிட்டார்கள். கீழணையிலிருந்து வடவாற்றில் வந்துகொண்டிருந்த தண்ணீர் தை மாதத்திலேயே முழங்காலுக்கு இறங்கிவிட்டது. ஏரியில் இருப்பதை மெட்ராஸ் குடிதண்ணீருக்கு நிறுத்திவைக்க வேண்டும், மிச்சத்தை மதகுக்கு மதகு முறை வைத்துத் தரலாம் என்று கூட்டம் போட்டுச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்து மணியிலிருந்து அடுத்த வியாழக்கிழமை பொழுது சாய்கிற வரை ஆயிமேட்டுக்கு. அதற்குப் பிறகு திறக்க மாட்டார்கள்.

முந்நூறு ஏக்கர் சம்பா அந்த ஏழு நாளை நம்பி நின்றது. பிந்தி நட்ட பயிர். கதிர் வெளிவந்து பால் பிடிக்கிற பருவம். இந்த நேரத்தில் வேர் காய்ந்தால் கதிர் தலை சாயாது. நிமிர்ந்தே நிற்கும். உள்ளே ஒன்றும் இருக்காது.

பாசன சங்கத்துக்குத் தலைவர் கொளஞ்சியப்பன். பன்னிரண்டு வருஷமாக அவர்தான். யார் வயலுக்கு எந்த நேரம் தண்ணீர் என்று நோட்டில் எழுதி, கோயில் வாசலில் நின்று வாசிப்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது. ஒரு வருஷம் அவருடைய மைத்துனரே முறை தப்பித் தண்ணீர் வைத்துக்கொண்டார். கொளஞ்சியப்பன் தன் கையாலேயே மடையை வெட்டி அடைத்துவிட்டு, மைத்துனரை ஊர் முன்னால் நிற்க வைத்தார். மைத்துனர் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஆறு வருஷம் போக்குவரத்து இல்லாமல் இருந்தது. அதைப் பற்றி அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

எனக்கு அவர் பங்காளி. என் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு வைக்கோல் போர்தான். நான் கண்ணால் பார்த்ததையும், அவர் மனைவி புஷ்பவள்ளி பிற்பாடு என் வீட்டில் சொன்னதையும் வைத்து இதை எழுதுகிறேன். எங்கள் வகையறாவில் வீட்டு விஷயம் வாசல்படி தாண்டக் கூடாது என்பார்கள். இது தாண்டிப் பல நாள் ஆகிவிட்டதால் எழுதுகிறேன்.

மதகு திறக்கும் நாளில் முதல் தண்ணீருக்கு மஞ்சளும் பூவும் வைக்கிற உரிமை கொளஞ்சியப்பன் வீட்டுக்கு உண்டு. வேறு எந்த வீட்டுக்கும் கிடையாது. கல்யாணம் ஆகாத பெண் ஒருத்தி குளித்து, ஈரத் தலையோடு, செருப்பைக் கரையில் விட்டுவிட்டு, வெறுங்காலோடு மதகுப் படியில் இறங்கிக் கடைசிப் படியில் தட்டை வைத்துவிட்டு மேலே பார்த்துக் குரல் கொடுப்பாள். அதைக் கேட்டபிறகு லஸ்கர் மதகைத் திறப்பார். ஏரியில் மட்டம் பார்த்து, மதகு திறந்து மூடுகிறவரைத்தான் லஸ்கர் என்பார்கள்.

ஆறு வருஷமாகத் தட்டு வைத்தது கொளஞ்சியப்பன் மகள் கயல்விழி. வயது இருபத்துநான்கு. சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். காலை ஏழரை பஸ்ஸில் போய் இருட்டுகிற நேரத்துக்கு வருவாள். அதிகம் பேச மாட்டாள். அவள் நடையும் நிமிர்வும் அப்பனைப் போல.

அந்த வெள்ளிக்கிழமை நல்ல பனி. எதிரில் நிற்கிற மாடு தெரியவில்லை. நாலரை மணிக்குத் தட்டோடு போனாள். ஆறரை மணிக்கு லஸ்கர் ஞானசேகரன் கொளஞ்சியப்பன் வாசலில் வந்து நின்றார். இடுப்புவரை நனைந்திருந்தது.

"மாமா, கயலு வூட்டுக்கு வந்துடுச்சா?"

கொளஞ்சியப்பன் முறை நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நானும் அவரோடு வரப்புக்குப் போவதற்காக மண்வெட்டியுடன் வந்திருந்தேன்.

"வரல" என்றார்.

"தட்டு கடைசிப் படியிலதான் கெடக்குது. செருப்பு கரையில கெடக்குது. எப்பவும் வெச்சிட்டுக் கொரலு குடுக்கும். இன்னைக்கிக் கேக்கல. பனி பாத்துட்டு சீக்கிரமே வெச்சிட்டுப் போயிருக்கும்னு நெனச்சிட்டன் மாமா. அஞ்சு மணிக்குத் தொறக்கச் சொல்லி ஆர்டரு. தொறந்துட்டன். விடிஞ்சப்பறந்தான் செருப்பப் பாத்தன்."

ஞானசேகரனுக்குத் தாடை ஆடியது. குளிரில் ஆடுகிறது என்று நினைத்தேன். கொளஞ்சியப்பன் நோட்டை மூடிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம்.

மதகில் அதற்குள் நாற்பது ஐம்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். தண்ணீர் மதகு வாயில் சுழித்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. பித்தளைத் தட்டில் மஞ்சள் கிழங்கு அப்படியே இருந்தது. பூ மட்டும் நனைந்துவிட்டது.

"படி வழுக்கியிருக்கும். உள்ள இழுத்திருக்கும்" என்று யாரோ சொன்னார்கள்.

"குழாய்க்குள்ள மாட்டியிருந்தா?"

"தண்ணி ஓடறப்ப எவன் எறங்குவான்? எறங்குறவனையும் சேத்து இழுக்கும்."

எல்லோரும் கொளஞ்சியப்பனைப் பார்த்தார்கள். முறை நடக்கும்போது மதகை மூடுவதென்றால் சங்கத் தலைவர் சொல்ல வேண்டும். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ரத்தினம்மாள்தான் முன்னால் வந்தாள். புருஷன் இல்லாதவள். கடைமடையில் ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு நட்டிருந்தாள். தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருகிற வயல் அவளுடையது. ஏழாம் நாள்தான் போய்ச் சேரும்.

"என்னா மாமா பாத்துக்கிட்டு நிக்கிற? மூடச் சொல்லு. புள்ள அடியில கெடக்கறப்ப எவ போயி மடை தொறப்பா? தண்ணி இன்னைக்கி இல்லாங்காட்டி நாளைக்கி. சொல்லு மாமா."

"ரத்தினம், முறை வியாழக்கெழம வரைக்குந்தான்" என்றார் ஞானசேகரன். "மூடுற நாளுக்கு ஈடா நாள கூட்டித் தர எனக்கு அதிகாரம் இல்ல. அப்பறம் இருக்கறது குடிதண்ணிக்கு."

"நான் ஒன்ன அதிகாரம் கேட்டனா? போனா போவுது. மூடு."

வேறு ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. முந்நூறு ஏக்கர்க்காரர்களும் அங்கேதான் நின்றிருந்தார்கள்.

"மூடு" என்றார் கொளஞ்சியப்பன்.

அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட நேரத்தைத் துக்கம் என்று நான் நினைத்தேன்.

அன்று மத்தியானம் நடந்ததைப் புஷ்பவள்ளி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். வீடு நிறையப் பெண்கள். அவள் தலைவிரிகோலமாகக் கிடந்தாள். கொளஞ்சியப்பன் வந்து அவளை மாட்டுக் கொட்டகைக்குக் கூப்பிட்டார். சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். கயல்விழி எழுதியது. முறை நோட்டுக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். காலையில் அந்த நோட்டை அவர்தான் முதலில் திறப்பார் என்று அவளுக்குத் தெரியும். ஞானசேகரன் வாசலுக்கு வருவதற்கு முன்பே அவர் அதைப் படித்துவிட்டார்.

நாலு வரிதான். கூட வேலை பார்க்கிற எழிலனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன். அவர்கள் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள், நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். கடலூர் செம்மண்டலத்தில் அவர் அம்மாவோடு இருப்பேன். அம்மாவைத் திட்டாதீர்கள்.

புஷ்பவள்ளி படித்துவிட்டுத் தவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்தாள்.

"உசுரோட இருக்காளா?"

"இருக்கா."

"அப்ப போயி சொல்லுங்க. மதகத் தொறக்கச் சொல்லுங்க."

"என்னான்னு சொல்றது? ஆறு தலைமுறையா வெக்கிற மஞ்சத் தட்டப் படியில போட்டுட்டு, ஒருத்தன் வண்டியில ஏறிப் போயிட்டான்னா?"

"ஆமா. அப்படித்தான சொல்லணும்?"

"ரெண்டு நாள் தேடுவாங்க. கெடைக்காது. உட்டுடுவாங்க. தண்ணியில போன பொண்ணுக்கு ஒரு பேரும் வராது."

"நான் என்னா பண்றது?"

"அழுவு" என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பெண்கள் இருந்த இடத்துக்குப் போய் அழுதாள். காலையில் அழுதது தன்னால் வந்தது என்றும், மத்தியானத்துக்கு மேல் அழுததற்குத் தொண்டை மட்டும்தான் வேலை செய்தது என்றும் என் வீட்டில் சொன்னாளாம்.

சனிக்கிழமை சிதம்பரத்திலிருந்து தீயணைப்பு வண்டி வந்தது. ரப்பர் படகு இறக்கினார்கள். ஊரில் இருந்த பாதாளக் கரண்டிகளை எல்லாம் கயிற்றில் கட்டி, கிணற்றில் விழுந்த வாளியைத் தேடுகிற மாதிரி மதகடியில் துழாவினார்கள். ஒரு சீலைத் துண்டு வந்தது. பழைய துண்டு, யாருடையதோ. மூங்கில் முள் வந்தது. ஒரு சைக்கிள் சக்கரம் வந்தது.

ஞானசேகரன் வெள்ளிக்கிழமையிலிருந்து தண்ணீரில்தான் இருந்தார். தீயணைப்புக்காரர்கள் ஏறிச் சாப்பிடுகிற நேரத்திலும் அவர் இறங்கிக்கொண்டிருந்தார். குழாய் வாயில் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு வருவார். கரையில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். மறுபடி போவார்.

மீன்காரர்கள் வலையை மடித்து வைத்துவிட்டார்கள். கரை ரோட்டில் கூறு கட்டி வைத்த கெண்டையை ஒருவரும் வாங்கவில்லை. தண்ணீருக்குள் பொண்ணு கிடக்கும்போது எந்த மீனை எப்படித் தின்பது? ஒரு கூடை விராலை அப்படியே மண்ணில் புதைத்தார்கள்.

பகல் பதினொரு மணிக்கு மேல் குடிதண்ணீர் வாரியத்து ஜீப் இரண்டு வந்தது. ஏரிக்குள் பிணம் என்று செய்தி போய்விட்டதால் மெட்ராஸுக்குத் தண்ணீர் இறைப்பதை நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று வந்தவர்கள் சொன்னார்கள். பிணம் எப்போது கிடைக்கும் என்று கேட்டார்கள். கிடைக்கிற நேரத்தை யார் சொல்வது?

"ஒரு மாசமா நம்ம வாய்க்காலு காஞ்சி கெடக்குது, ஒரு சைக்கிளு வரல" என்றார் வடக்குத்தெருக்காரர் ஒருவர். "அவுங்களுக்கு ஒரு பொழுது கொழாயில வரலன்னதும் ஜீப்பு வருது பாரு."

"அவுங்க குடிக்கற தண்ணி மச்சான். நாம சும்மா பயிருக்குத்தான கேக்குறம்."

"அந்தப் பயிரத்தான அவுங்க துன்றாங்க?"

"துன்றது கடையில வாங்கி. கடைக்கு எங்கேருந்து வருதுன்னு எவனுக்குத் தெரியும்?"

சிரித்தார்கள். கொளஞ்சியப்பன் பக்கத்தில் நிற்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்கள். அவர் வேட்டியை இறக்கிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டி, தண்ணீரைப் பார்த்தபடி நின்றிருந்தார். அவரை உட்காரச் சொல்லி நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். உட்காரவில்லை.

அவர் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. துக்க வீடு என்று ஊர்தான் சோறு கொண்டுவந்தது. ரத்தினம்மாள் கேழ்வரகுக் கூழும் மோர்மிளகாயும் தூக்குவாளியில் கொண்டுவந்து வைத்தாள். "ஒரு வாயாவது ஊத்திக்க மாமா. நாளைக்கி மூணாம் நாளு. தன்னால மேல வந்துரும் புள்ள." கொளஞ்சியப்பன் குடித்தார். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு வாளியைக் கழுவிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் நான் அவள் வயல் பக்கம் போனேன். மண் வெடிக்கத் தொடங்கியிருந்தது. ஒரு கதிரைப் பிதுக்கிப் பார்த்தேன். பால் வந்தது. தண்ணியாக, கொஞ்சமாக.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி பஸ்ஸில் ஒரு அம்மாள் வந்து இறங்கினாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெளிர் நீலச் சேலை, நெற்றியில் பொட்டு இல்லை, கையில் துணிப்பை. கயல்விழி வேலை பார்த்த இடத்திலிருந்து துக்கம் கேட்க வந்திருக்கிறாள் என்று எல்லோரும் நினைத்தோம். பெண்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். புஷ்பவள்ளி அழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து, கொளஞ்சியப்பனும் நானும் இருந்த களத்துக்கு வந்தாள்.

"ஐயா, ஒங்களாண்ட தனியா பேசணும்."

நான் எழுந்தேன். "நீ இரு" என்றார் கொளஞ்சியப்பன். அவர் முகத்தைப் பார்த்து, அவருக்கு ஆள் யார் என்று தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். எனக்குத்தான் தெரியவில்லை.

"எம்பேரு சவரியம்மா. செம்மண்டலத்துலேருந்து வர்றன். எழிலனோட அம்மா."

அவர் கயிற்றுக் கட்டிலில் நகர்ந்து இடம் விட்டார்.

"ஒங்க பொண்ணு எங்க வூட்டுலதான் இருக்குது. அணைச்சி வெச்சிருந்த போன நேத்து மத்தியானந்தான் தொறந்துச்சி, ஏரியில முழுகிட்டதா போட்டோவோட வந்து கெடந்துச்சி. அத அதுவே பாத்துடுச்சி. அதுலேருந்து சோறு எறங்கல."

மதகையும் ஜீப்பையும் தண்ணீரில் கிடக்கிற ஞானசேகரனையும் நினைத்தேன்.

"செருப்பு?" என்றேன்.

"வண்டி சத்தம் கேட்டதும் பயத்துல வெறுங்காலோடயே ஏறியிருக்குது. இப்படி ஆவும்னு அதுக்குத் தெரியாதுங்க. லெட்டரு எழுதி வெச்சிட்டுத்தான வந்தன், அப்பா படிச்சிருப்பாரேன்னு கேக்குது." கொளஞ்சியப்பனைப் பார்த்தாள். "படிச்சீங்களா?"

"படிச்சன்."

"எப்ப?"

"வெள்ளிக்கெழம."

சவரியம்மாள் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை.

"வரன், போன் பண்றன்னுதான் சொல்லுச்சி. நாந்தான் தடுத்துட்டு வந்தன். ஏன்னு சொல்லட்டுங்களா? ஊரே செத்துட்டான்னு அழுவுற பொண்ணு திரும்பி வந்து, அப்பறம் நெஜமாவே இல்லாமப் போனா, யாரு வந்து தேடுவா? ஏற்கெனவே தேடி முடிச்சாச்சே. அதாங்க எனக்குப் பயம்."

"எங்க வகையறாவுல அப்படிப்பட்ட கை கெடையாது" என்றார் கொளஞ்சியப்பன்.

"நீங்க சொன்னா நம்புறங்க. ஆனா படிச்சிட்டும் சும்மா இருந்தீங்களே."

வாசலிலிருந்து ஒரு பெண் காப்பி கொண்டுவந்தாள். துக்க வீட்டில் கொடுக்கிற கருப்பட்டிக் காப்பி. மூன்று பேரும் வாங்கிக்கொண்டோம். அவள் போகும்வரை காத்திருந்தோம்.

"பஸ்ஸுல வர்றப்ப பாத்தன்" என்றாள் சவரியம்மாள். "பயிரெல்லாம் மஞ்சளாவுது. நான் குறிஞ்சிப்பாடியில கழனிக்காட்டுல பொறந்தவதான். பெருமா ஏரித் தண்ணிக்கி எங்கப்பன் காத்துக் கெடந்தத பாத்தவ. அது என்னாத்துக்குக் காயுதுன்னு ஒங்களுக்கும் எனக்கும் இந்த ஐயாவுக்கும் மட்டும் தெரியிது. நல்லாவா இருக்குது?"

காப்பியைக் குடித்து முடித்தாள். பையில் இருந்த வாழைப்பழச் சீப்பை எடுத்துக் கயிற்றுக் கட்டில் மேல் வைத்தாள். "கல்யாணம் இன்னும் ஆவல. ரிஜிஸ்தர் ஆபீஸ்ல எழுதிக் குடுத்திருக்குது. ஒரு மாசம் ஆவுமாம். அதுவரைக்கும் எங்கூடதான் படுக்குது. அத ஒங்க வூட்டம்மாகிட்ட சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனபிறகு நாங்கள் இருவரும் வெகுநேரம் களத்தில் உட்கார்ந்திருந்தோம். சொல்லிவிடு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் பெண்களையும் நான் கட்டிக்கொடுக்க வேண்டும், ஒரே வகையறா, ஒரே பேர் என்று என் புத்தி போயிற்று. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நானும் கரையில் போய் நின்று, மற்றவர்களைப் போலத் தண்ணீரைப் பார்த்தேன். மூன்றாம் நாள் மிதந்து வரும் என்று சொன்னவர்கள் பொழுது சாய்கிற வரை காத்திருந்தார்கள். சேற்றில் புதைந்திருக்கும் என்று பேசிக்கொண்டு கலைந்தார்கள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணி. பனி விலகிவிட்டது. தீயணைப்பு அதிகாரி, இன்றைக்கு ஒரு நாள் பார்த்துவிட்டு முடித்துக்கொள்வோம் என்றார். ஊர் கரையில் இருந்தது. ரத்தினம்மாளும் இருந்தாள். மூன்று நாளாக ஒருத்தரும் மதகைத் திற என்று கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை.

ஞானசேகரன் தண்ணீரிலிருந்து ஏறி வந்தார். வலது காதிலிருந்து ரத்தம் ஒரு கோடாகக் கழுத்தில் இறங்கியிருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. கொளஞ்சியப்பன் முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மாமா, நான் போலீஸ் டேஷனுக்குப் போறன்."

"எதுக்கு?"

"எழுதிக் குடுக்க. பாக்காம தொறந்தது நாந்தான்னு. வேல போனா போவுது. உள்ள வெச்சாலும் பரவால்ல. கண்ண மூடுனா அதும் கொரலு வருது மாமா, வெச்சிட்டன் தொறங்கன்னு. அன்னைக்கி வராத கொரலு இப்ப வருது."

"காதுல ரத்தம் வருது" என்றார் கொளஞ்சியப்பன்.

"வரட்டும்."

கொளஞ்சியப்பன் பின்னால் கட்டியிருந்த கையை எடுத்தார்.

"எம்பொண்ணு தண்ணிக்குள்ள இல்ல" என்றார்.

கேட்டவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு பெண் விசும்பினாள். ரத்தினம்மாள் வந்து அவர் தோளைத் தொட்டாள். "அப்படித்தான் மாமா தோணும். எம்புருஷன் போனப்பவும் ஒரு வருஷம் எனக்கு அப்படித்தான். வந்து ஒக்காரு, வா."

அதோடு விட்டிருக்கலாம். உண்மையைச் சொன்னது போலவும் ஆகியிருக்கும், யாரும் நம்பாததால் பேரும் நின்றிருக்கும். ஊர் அவரை இன்னும் மேலாகத்தான் பேசியிருக்கும். அது அவருக்குப் புரிந்தது என்பதை நான் பார்த்தேன். ரத்தினம்மாள் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார்.

"செம்மண்டலத்துல இருக்கா" என்றார். "ஒரு பையனோட போயிட்டா. வேதக்காரப் பையன். லெட்டரு எழுதி வெச்சிட்டுத்தான் போனா. ஞானசேகரா, ஒம்மேல ஒண்ணும் இல்ல. நீ தொறக்கறப்ப அவ படியில இல்ல."

படகில் இருந்த இரண்டு பேரும் துடுப்பை நிறுத்தினார்கள்.

"எப்ப தெரியும் மாமா?" என்றாள் ரத்தினம்மாள்.

"வெள்ளிக்கெழம."

"நான் மூடச் சொன்னப்பவா?"

"அதுக்கு முன்னாடியே."

திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் அவருக்கும் நன்றாக இருந்திருக்கும். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஞானசேகரன் பக்கம் திரும்பினாள்.

"தொற" என்றாள்.

ஞானசேகரன் சாவியை எடுத்துக்கொண்டு மதகு மேல் ஏறினார். இரும்புத் தண்டு ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று மேலே வந்தது. தண்ணீர் உள்ளே இறங்குகிற சத்தம் கேட்டதும் ஆட்கள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கரையை விட்டு இறங்கினார்கள். கொளஞ்சியப்பனைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் போனார்கள். யாரும் அவரை இடிக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. மூன்றரை நாள் தண்ணீர் மிச்சம் இருந்தது. கடைமடைக்கு எட்டுமா என்று யாரும் பேசவில்லை.

கரையில் நாங்கள் இருவரும் தீயணைப்பு அதிகாரியும் மிஞ்சினோம். இளம் வயது அதிகாரி. கோபப்படுவதா இரக்கப்படுவதா என்று தெரியாமல் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, எழுத்துல வேணும்" என்றார். "தண்ணியில ஒடம்பு இல்லன்னு நான் மேல அனுப்புனாத்தான் மெட்ராஸுக்குப் பம்பு ஓட்டுவாங்க. உங்க கைப்பட எழுதிக் குடுங்க. பேரு, வயசு, உயிரோட இருக்காங்கன்னு, இப்ப எங்க இருக்காங்கன்னு முழு அட்ரஸு."

வண்டியின் முன்பக்கத் தகரத்தின் மேல் காகிதத்தை வைத்துக் கொளஞ்சியப்பன் எழுதினார். முறை எழுதுகிற கை. எழுத்து நிமிர்ந்து, கோடு போட்ட மாதிரி இருந்தது. என் மகள் கயல்விழி, வயது இருபத்துநான்கு, உயிருடன் இருக்கிறாள். தற்போது செம்மண்டலம், கடலூர். அங்கே பேனா நின்றது.

"தெரு? கதவு எண்?" என்றார் அதிகாரி.

"தெரியாது."

"அது இல்லாம ஏத்துக்க மாட்டாங்க ஐயா. போலீஸ்காரங்க போயி நேர்ல பாக்கணும்."

கொளஞ்சியப்பன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். பட்டன் போன். கண்ணாடி போடாமல் தூரமாகப் பிடித்து, மகள் பெயரைத் தேடி அழுத்தினார். காதில் வைத்துக்கொண்டு ஏரியைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்து நின்றார். ஒரு மணிதான் அடித்திருக்கும்.

"அப்பா" என்கிற சத்தம் எனக்கே கேட்டது. அதன் பிறகு அந்தப் பக்கம் அழுகை. அவர் அது அடங்கும்வரை காத்திருந்தார். அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. தகரத்தின் மேல் இருந்த காகிதம் காற்றில் தூக்கியது. நான் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"கதவு நம்பரு என்னா?" என்றார்.

அவள் சொன்னாள்.

"தெரு?"

சொன்னாள். அவர் பேனாவை எடுத்து எழுதினார்.